ஃபியட் 500: திரும்பி வந்தது எது?



ஃபியட் என்றதும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரே ஒரு வண்டிதான் நினைவுக்கு வரும். ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்பக்கம் மூன்று பேர் நெருக்கி உட்காரக்கூடிய நீள சீட், டாக்டர் வீட்டு வாசலிலும் வக்கீல் வீட்டு வாசலிலும் நின்ற அந்த ஃபியட் 1100. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் அதைத் தயாரித்தது. எழுபதுகளில் அதன் பெயர் பத்மினி ஆயிற்று. 2023 அக்டோபரில் மும்பையின் கடைசிப் பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றது.

நான் இன்று பேச வந்தது அதே குடும்பத்தில் பிறந்த, நம் சாலைகள் அதிகம் பார்க்காத ஒரு சின்னக் காரைப் பற்றி. பெயர் ஃபியட் 500. 1957 ஜூலை 4 அன்று இத்தாலியின் டூரின் நகரத்தில் அது வெளிவந்தது. 1975-ல் அதன் உற்பத்தி நின்றது. அந்த வண்டி வந்து சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2007 ஜூலை 4 அன்று, அதே நகரத்தில் அதே பெயரில் இன்னொரு கார் வந்தது. பழைய காருக்குப் புத்துயிர் கொடுத்த முயற்சிகளில் இதைப் போல வெற்றி கண்டவை மிகச் சில. ஆனால் புத்துயிர் பெற்றது எது? காரின் முகமா, அந்தக் காரைச் செய்யச் சொன்ன காரணமா? முகம் மட்டுமே என்பது என் எண்ணம். அதை எப்படி வந்தடைந்தேன் என்று சொல்கிறேன்.

ஃபியட் 1899 ஜூலை 11 அன்று டூரினில் பிறந்த நிறுவனம். தொடங்கிய பலரில் ஒருவர் ஜியோவான்னி அன்யெல்லி, குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர். சில ஆண்டுகளில் நிறுவனம் அவர் கைக்குள் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஃபோர்டு செய்ததைப் போல இத்தாலியிலும் ஆயிரக்கணக்கில் கார் செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த விருப்பத்தில் எழுந்ததுதான் லிங்கோட்டோ தொழிற்சாலை. கட்டட வேலை 1916-ல் தொடங்கியது, திறப்பு விழா 1923-ல் நடந்தது. அரை கிலோமீட்டர் நீளம், ஐந்து மாடி. இரும்பும் ரப்பரும் தரைத்தளத்தில் உள்ளே போகும். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு வேலை முடிந்து வண்டி மேலே ஏறும். முழுக் காராகிக் கடைசியில் மொட்டைமாடிக்கு வந்துவிடும். மொட்டைமாடியில் என்ன இருந்தது தெரியுமா? ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் காரை ஓட்டிப் பார்க்கும் தடம், இரண்டு முனைகளிலும் சரிவாக உயர்த்திக் கட்டிய வளைவுகளோடு. 1982-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. பிறகு ரென்சோ பியானோ என்ற கட்டடக் கலைஞர் அதைக் கடைகளும் அரங்குகளும் ஹோட்டலும் கொண்ட வளாகமாக மாற்றினார். டூரின் போகும் வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால் அந்த மொட்டைமாடியில் ஏறி நின்று பார்த்துவிட்டு வாருங்கள். இருபதாம் நூற்றாண்டு இயந்திரத்தின் மேல் வைத்த நம்பிக்கையை அவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் இன்னொன்று எனக்குத் தெரியாது.

இந்த நிறுவனத்தில் 1920-களின் இறுதியில் ஓர் இளம் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தார். டான்டே ஜியாகோசா. மாணவர்கள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1936-ல் வந்த முதல் ஃபியட் 500 அவர் வடிவமைத்ததுதான். மக்கள் அதற்கு டோப்போலினோ, அதாவது சுண்டெலி, என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 569 சிசி எஞ்சின், 13 குதிரைத்திறன். ஆனால் அது இரண்டு பேர் போகும் வண்டி. குறைந்த விலைக் கார் என்று சொல்லப்பட்டாலும் சாதாரணத் தொழிலாளிக்கு அது எட்டவில்லை.

அடுத்து யுத்தம் வந்தது. டூரின் மீது குண்டுகள் விழுந்தன. யுத்தம் முடிந்து எழுந்து நின்ற இத்தாலியில் குடும்பங்கள் எதில் போயின என்று பார்க்க வேண்டும். 1946-ல் வெஸ்பா வந்தது, 1947-ல் லாம்ப்ரெட்டா வந்தது. கணவன் ஓட்ட, மனைவி பின்னால் உட்கார, குழந்தை முன்னால் நிற்க, மழையிலும் குளிரிலும் ஸ்கூட்டரில் போன குடும்பங்கள். இந்தக் காட்சியை உங்களுக்கு நான் வருணிக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் ஊரில் இன்று மாலை எந்தச் சாலை முனையில் நின்றாலும் பார்க்கலாம். அந்தக் குடும்பத்துக்கு நான்கு சக்கரமும் தலைக்கு மேல் ஒரு கூரையும் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஜியாகோசாவின் முன்னால் இருந்த வேலை.

1955-ல் அவர் ஃபியட் 600 என்ற காரைக் கொடுத்தார். நான்கு பேர் உட்காரும் வண்டி, பின்னால் எஞ்சின். நன்றாக விற்றது. ஆனால் ஸ்கூட்டர்காரருக்கு அதன் விலையும் அதிகம். அதைவிடச் சின்னதாக ஒன்று வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் 1957-ன் 500.

அந்தக் காரில் ஒவ்வொரு பொருளும் ஏன் அந்த இடத்தில் இருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் அழகே அதில்தான் இருக்கிறது. நீளம் மூன்று மீட்டருக்குள், 2.97 மீட்டர். எடை ஐந்நூறு கிலோவுக்குள். எஞ்சின் 479 சிசி, இரண்டே சிலிண்டர், காற்றால் குளிர்வது. காற்றால் குளிர்ந்தால் ரேடியேட்டர் வேண்டாம், தண்ணீர்க் குழாய் வேண்டாம். ஒரு செலவு போயிற்று, எடையும் குறைந்தது. எஞ்சினைப் பின்னால் வைத்தால் பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் நீளத் தண்டு வேண்டாம். தண்டு இல்லையென்றால் காருக்குள் கால் வைக்க இடம் கிடைக்கும். இரண்டு சிலிண்டர் எஞ்சின் குலுங்கும், அதனால் அதைச் சுருள்வில் ஒன்றின் மேல் தாங்க வைத்தார். பெட்ரோல் டாங்க், ஸ்டெப்னி, பாட்டரி மூன்றும் முன்னால் பானெட்டுக்குள் போயின.

கூரை முழுவதும் துணி. இன்று அந்தத் துணிக்கூரையைப் பார்ப்பவர்கள் கோடை விடுமுறையையும் கடற்கரையையும் நினைக்கிறார்கள். ஜியாகோசா நினைத்தது வேறு. தகட்டுக்குப் பதில் துணி போட்டால் இரும்பு மிச்சம். அதோடு, பின்னால் அதிரும் எஞ்சினின் சத்தம் சின்ன இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு எதிரொலிக்காமல் மேலே போய்விடும். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. இரண்டு சீட்டுக்கு நடுவில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும், அதைத் தூக்கினால்தான் ஸ்டார்ட்டர் ஓடும். வண்டியின் வளைந்த முதுகும் உருண்ட தோள்களும்கூடப் பார்வைக்காக மட்டும் வந்தவை இல்லை. வளைத்த தகடு தட்டைத் தகட்டைவிட விறைப்பாக நிற்கும். ஆகவே மெல்லிய தகடே போதும். பார்க்க அழகாக இருந்த ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் காசு எண்ணிச் செலவழித்த ஒரு கணக்கு இருந்தது. 1959-ல் இத்தாலியின் மிகப் பெரிய வடிவமைப்பு விருதான கொம்பாஸ்ஸோ தோரோ இந்தக் காருக்காக ஜியாகோசாவுக்குக் கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து, 2017-ல், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1968-ல் செய்த ஒரு 500-ஐத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

இப்போது பலரும் சொல்லாமல் தாண்டிப்போகும் ஒரு செய்தி. இவ்வளவு யோசித்துச் செய்த கார் முதல் சில மாதங்களில் விற்கவில்லை. விலை 490,000 லிரா, ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கினால் பின்னால் முறையான சீட் இல்லை, வெறும் பலகை மேடைதான். பக்கக் கண்ணாடி இறங்காது. மின்னும் பட்டை எங்குமே இல்லை. இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்தால் 600 கிடைக்கும்போது இதை ஏன் வாங்க வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். சிக்கனம் வேறு, ஏழ்மையை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வது வேறு. ஸ்கூட்டரிலிருந்து காருக்கு ஏறும் குடும்பம் தன் வாழ்க்கையின் பெரிய படி ஒன்றை ஏறுகிறது. அந்தப் படியில் அவமானத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது.

ஃபியட் இதை உடனே புரிந்துகொண்டது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் திருத்திய காரோடு வந்தது. கண்ணாடி இறங்கியது, பின்னால் மெத்தை வைத்த சீட் வந்தது, எஞ்சினுக்குச் சக்தி கூடியது, கொஞ்சம் பளபளப்பும் சேர்ந்தது. 1960-ல் 500 டி வந்தது. அதே ஆண்டில் ஜியார்தினியேரா என்ற ஸ்டேஷன் வேகன் வந்தது. அதில் எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதன் மேல் சாமான் தட்டை அமைத்தார்கள். 1965-ல் கதவுகள் இன்றைய கார்களைப் போல முன்பக்கக் கீலுக்கு மாறின. அதற்கு முன்பு பின்பக்கக் கீலில் திறந்தன. ஓடும்போது தவறிக் கதவு திறந்துகொண்டால் ஆபத்து. விற்பனை ஏறிக்கொண்டே போனது. தெற்கிலிருந்து வேலை தேடி டூரினுக்கும் மிலானுக்கும் வந்த குடும்பங்கள் விடுமுறைக்கு மேல்கட்டில் மூட்டை ஏற்றி, புதிதாகப் போட்ட அதிவேகச் சாலையில் ஊருக்குப் போனது இந்த வண்டியில்தான். சிசிலியில் இருக்கும் தெர்மினி இமெரேசே தொழிற்சாலையில் 1975-ல் கடைசி 500 வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 40 லட்சத்தை நெருங்கியிருந்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 500-ன் இடத்துக்கு 126 வந்தது. அது இத்தாலியைவிடப் போலந்தில் பெரிதாக வாழ்ந்தது. அங்கே 2000-ம் ஆண்டு வரை 33 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஒரு தலைமுறைப் போலந்து மக்கள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதில்தான். டூரினில் வேலைநிறுத்தங்களும் ஆட்குறைப்பும் மாறி மாறி வந்தன. 2000-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஃபியட்டின் கார் பிரிவில் 20 சதவீதப் பங்கை வாங்கியது. ஃபியட் விரும்பினால் மீதியையும் வாங்கியே தீர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. 2003 ஜனவரியில், ஜியோவான்னியின் பேரனும் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவருமான ஜியான்னி அன்யெல்லி காலமானார். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் தம்பி உம்பெர்த்தோவும் காலமானார். நட்டம் மலைபோல் ஏறிக்கிடந்த நேரத்தில், 2004 ஜூனில், செர்ஜியோ மார்க்கியோன்னே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். கார் தொழிலில் அனுபவம் இல்லாதவர், கணக்கு தெரிந்தவர். அந்த நிபந்தனையைக் காட்டி ஜெனரல் மோட்டார்ஸோடு பேசினார். ஃபியட்டை முழுவதும் வாங்குவதைவிடப் பணம் கொடுத்து விலகுவதே மேல் என்று அந்த நிறுவனம் முடிவு செய்தது. 2005 பிப்ரவரியில் சுமார் 200 கோடி டாலர் கொடுத்து விலகியது. ஃபியட்டுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது.

மார்க்கியோன்னே வருவதற்குச் சில மாதம் முன்பு, 2004 மார்ச்சில், ஜெனீவா கண்காட்சியில் ஃபியட் ஒரு மாதிரிக் காரை வைத்திருந்தது. பெயர் த்ரெப்பியூனோ, மூன்று பேரும் இன்னும் ஒருவரும் என்ற பொருள். ராபர்ட்டோ ஜியோலித்தோ வடிவமைத்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அதில் பழைய 500-ஐக் கண்டார்கள். அதைச் சாலைக்குக் கொண்டுவர நிறுவனம் முடிவு செய்தது. அப்போது அங்கே வடிவமைப்புப் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் ஸ்டீஃபன்சன், அதற்கு முன் பிஎம்டபிள்யூவின் புதிய மினிக்கு வடிவம் கொடுத்தவர். 2007 ஜூலை 4 இரவு போ ஆற்றங்கரையில் பெருவிழா எடுத்துப் புதிய 500-ஐ வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டம் அதற்குக் கிடைத்தது. பிறகு மெக்சிகோவிலும் தயாரித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். நலிந்து கிடந்த நிறுவனத்தை நிமிர்த்தியதில் இந்தக் காரின் பங்கு பெரிது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் பானெட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சின் முன்னால் இருக்கிறது, தண்ணீரால் குளிர்கிறது, நான்கு சிலிண்டர், முன்சக்கரங்களை ஓட்டுகிறது. அடியில் இருப்பது ஃபியட் பாண்டா. நீளம் 3.55 மீட்டர். தொடக்க விலை 10,500 யூரோ. அதே தொழிற்சாலையில் செய்த பாண்டாவைவிட அதிகம், ஆனால் பாண்டாவைவிட இடம் குறைவு. பழைய காரில் தோளின் வளைவு தகட்டை மிச்சப்படுத்தியது. புதிய காரில் அதே வளைவுக்கு வாடிக்கையாளர் கூடுதல் பணம் கொடுத்தார். நினைவுக்கு விலை உண்டு என்று ஃபியட் கண்டுகொண்டது. வாங்கியவர்கள் பெரும்பாலும் நகரத்து இளைஞர்கள், வீட்டில் இரண்டாவது காராக வாங்கியவர்கள். ஸ்கூட்டரில் போகும் குடும்பம் அந்த வரிசையில் இல்லை.

இன்னொரு மனக்குறையும் இத்தாலியில் இருந்தது. இத்தாலியின் அடையாளமான காரைப் போலந்தில், டிஹி நகரத்தில் செய்கிறார்களே என்றார்கள். தொழிற்சாலை வெறிச்சோடிப் போவதைப் பார்த்த டூரின் தொழிலாளியின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் என் கணக்கில் டிஹிக்குத்தான் உரிமை அதிகம். 500-க்குப் பின் வந்த 126-ஐயும், அதற்குப் பின் வந்த சின்க்வெசென்ட்டோவையும், செய்செந்தோவையும் செய்த கைகள் அந்த ஊரில்தான் இருந்தன. சிறிய கார் செய்யும் தொழில்திறமை அறுபடாமல் வந்தது அந்த வழியில்தான்.

நம் நாட்டோடு இந்தக் கதை சேரும் இடத்துக்கு வருகிறேன். புதிய 500 வெளிவந்து ஆறே மாதத்தில், 2008 ஜனவரி 10 அன்று, டெல்லியில் ரத்தன் டாட்டா நானோவைக் காட்டினார். மழையில் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போன ஒரு குடும்பத்தைப் பார்த்ததில் பிறந்த எண்ணம் அது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எஞ்சின் பின்னால். இரண்டு சிலிண்டர், 624 சிசி. நீளம் 3.1 மீட்டர். எடை 600 கிலோ அளவு. ஒரே வைப்பர். சக்கரத்துக்கு மூன்று போல்ட். ஒவ்வொன்றிலும் கணக்கு. ஜியாகோசா இருந்திருந்தால் அதை ஒரே பார்வையில் அடையாளம் கண்டிருப்பார். அதன் உருவ வடிவமைப்பில் உதவியது டூரினைச் சேர்ந்த இடேயா என்ற வடிவமைப்பு நிறுவனம். அந்த ஆண்டுகளில் ரத்தன் டாட்டா ஃபியட் இயக்குநர் குழுவில் உறுப்பினர். இரண்டு நிறுவனங்களும் மகாராஷ்டிரத்தின் ரஞ்சன்காவ்வில் கூட்டாகத் தொழிற்சாலை நடத்தின. டூரின் பழைய 500-ன் முகத்தைக் கையில் எடுத்த அதே நேரத்தில், அதன் காரணத்தை இந்தியா கையில் எடுத்தது. 2008-ல் ஃபியட் தன் புதிய 500-ஐ இங்கேயும் கொண்டுவந்தது, இறக்குமதியாக, சுமார் 15 லட்சம் ரூபாய்க்கு. மிகக் குறைவாகவே விற்றது.

நானோவும் நிலைக்கவில்லை. சிங்கூரிலிருந்து சாணந்துக்குத் தொழிற்சாலை மாறியது, சில வண்டிகள் தீப்பிடித்தன. இவையெல்லாம் அடிபட்ட இடங்கள்தான். ஆனாலும் ஆழமான அடி 1957 கோடையில் ஃபியட் வாங்கிய அதே அடி. உலகத்திலேயே விலை குறைந்த கார் என்ற பெயரே அதை வாங்க நினைத்தவரை வெட்கப்பட வைத்தது. அந்தப் பெயர் தவறாகிவிட்டது என்று ரத்தன் டாட்டாவே பிற்பாடு சொன்னார். ஃபியட் சில மாதங்களில் திருத்திக்கொண்டது. நானோவில் பவர் ஸ்டியரிங் வர 2014 ஆயிற்று. பின்கதவு திறக்க 2015 ஆயிற்று. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. 2018-ல் உற்பத்தி நின்றது. நானோவைக் கேலி செய்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதைச் செய்தவர்களின் நோக்கம் தவறு என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொறியியலில் அவர்கள் சரி. வாங்குபவரின் தன்மானத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதே பிழை.

500-ன் கதை இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் விற்ற மின்சார 500 ஒவ்வொன்றிலும் 14,000 டாலர் நட்டம் என்று 2014-ல் மார்க்கியோன்னே பொதுமேடையிலேயே சொல்லி, யாரும் அதை வாங்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். 2020-ல் முற்றிலும் புதிய மின்சார 500 வந்தது. இந்த முறை டூரினில், மிராஃபியோரி தொழிற்சாலையில். ஊரே மகிழ்ந்தது. ஆனால் பெட்ரோல் 500-ஐவிட விலை வெகுவாகக் கூடிவிட்டதால், சில ஆண்டுகளில் வாங்குவோர் குறைந்து, 2024-ல் தொழிற்சாலை திரும்பத் திரும்ப நின்றது. டிஹியின் பெட்ரோல் 500-ம் அதே ஆண்டில், ஐரோப்பாவின் புதிய விதிகளோடு ஒத்துப்போகாமல், முடிவுக்கு வந்தது. கடைசியில் மின்சாரக் காருக்கென்று செய்த உடலிலேயே ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி, 2025 இறுதியில் மிராஃபியோரியில் ஹைபிரிட் 500-ஐச் செய்யத் தொடங்கினார்கள். மிராஃபியோரி தொழிலாளர்களுக்காக அது நன்றாக விற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அம்பாசடர் திரும்பி வரப்போகிறது, பத்மினி திரும்பி வரப்போகிறது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்தி வருகிறது. வரட்டும், நானும் போய்ப் பார்ப்பேன். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடம் நான் கேட்பது வேறு. பழைய காரின் விளக்கையும் கிரில்லையும் வரைந்து பழகும் நேரத்தில் பாதியை ஜியாகோசாவின் எஞ்சினையும் துணிக்கூரையையும் படிக்கக் கொடுங்கள். நானோவின் வரைபடங்களையும் குறைபாடுகளையும் கூச்சமில்லாமல் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல் இருசக்கர வாகனங்கள் விற்கின்றன. அவற்றில் மூன்று பேராகவும் நான்கு பேராகவும் போகும் குடும்பங்களுக்கு, அவர்கள் பெருமையோடு வாசலில் நிறுத்தக்கூடிய ஒரு கார் இன்னும் செய்யப்படவில்லை. அதை நீங்கள் செய்யுங்கள்.